ஞாயிறு தோறும் ஒரு சோதனை

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு ஒரு மசாலாக் கடைக்கு மேல் மாடி. மின்சாரம் போனால் கடைக்காரர் கீழே ஜெனரேட்டரைப் போடுவார். அதன் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புகை, வாயு இரண்டையும் கண்டுபிடித்துக் கத்துகிற அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கையறைக் கூரையில் மாட்டினேன். ஞாயிறு தோறும் காப்பி முடிந்ததும் குடை நுனியால் அதன் பொத்தானை அழுத்திச் சோதிப்பேன்.

மகளின் பிரசவத்துக்காக மனைவி இரண்டு மாதம் திருப்பூணித்துறை போக வேண்டியிருந்தது. என்னையும் கூப்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் அத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனமில்லை. அலாரம் இருக்கிறதே, என்ன பயம் என்று சொல்லித்தான் தனியே இருக்க அவளைச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

அவள் கிளம்ப வேண்டிய வாரம், ஞாயிறன்று அழுத்தினேன். சிவப்பு விளக்கு மின்னியது. சத்தம் இல்லை. சில வாரங்களாகவே சத்தம் இளைத்து வந்ததால் பேட்டரியை மாற்றி, விடாமல் அழுத்தினேன். அப்போதும் இல்லை.

யாரோ வாசல் கதவை இடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், என்ன ஆச்சு, தீயா என்று பதறினார்.

"எந்து பற்றி சாரே? தீயாணோ?"

மனைவி மாவுக் கையோடு, முன்கைகளால் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஒந்நுமில்ல சேட்டா, டெஸ்டாணு" என்று அவரை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள். "நிறுத்துங்கோ. காது கிழியறது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கண்ணை மூடிண்டு படுங்கோ. கேட்டா கையைத் தூக்குங்கோ."

படுத்தேன். வழக்கம்போல மனதுக்குள் எண்ணினேன். முப்பதைத் தாண்டியும் ஒன்றுமில்லை.

"எப்போ அமுக்கப்போறே?"

"ரெண்டு தடவை அமுக்கியாச்சு." குடையோடு கட்டிலருகே நின்றிருந்தாள்.

அவள் பேச்சு எனக்குக் கேட்கிறது. கீழே மூட்டை இறக்குவது கேட்கிறது. கீச்சென்ற ஒலிகள் மட்டும் என்னைவிட்டுப் போயிருக்கின்றன. காலெல்லாம் தடிப்பு இருந்தும், இந்த வருஷம் கொசு குறைச்சல் என்று மாநகராட்சியை மெச்சியிருக்கிறேன். குக்கர் விசிலை எண்ணிச் சொல்வது என் பொறுப்பு. கொஞ்ச நாளாக நான் ஒன்று என்று சொல்லும்போதே அவள் வந்து அடுப்பை அணைத்துவிடுவாள். அவசரக்காரி என்று நினைத்திருந்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"குக்கர் தெரியும். இவ்வளவுன்னு தெரியாது."

தனியே இருக்கிறேன் என்று நான் மறுபடி சொன்னால், அவள் மகளிடம் போகாமல் இருந்துவிடுவாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"மாப்பிள்ளை ஆத்துல எனக்கு எந்த ரூம்?" என்று கேட்டேன்.

"மாடி ரூம். அங்க வந்து யார் ஃபேனை அணைக்கலைன்னு எண்ணிண்டு உக்காரப்படாது."

சரி என்று சொல்லி, என் வேட்டிகளை எடுத்து அவள் பெட்டியில் வைத்தேன்.