கந்தேலாரியா சொல்லாத சேதி

ஹூச்சித்தான் சந்தையில் காய்ந்த இறால் விற்கும் கந்தேலாரியாவிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். மன்னிப்பு மட்டும் கேட்கக் கூடாது. அந்தச் சரக்கு அவளிடம் கிடையாது.

பதினெட்டு வயதில் சில்வீனோவோடு ஓடிப்போனவள் அவள். ஊர் வழக்கப்படி, பையன் வீட்டில் முதலிரவுக் கைக்குட்டையில் ரத்தக் கறை பார்த்தார்கள். கறை பட்டால் பெண்மேல் செம்பருத்தி தூவி வாணம் விடுவார்கள். படாவிட்டால் அவளைப் பெற்றவர் வாசலில் ஓட்டைப் பானை தொங்கும். கறை பட்டதை அவளும் பார்த்தாள், சில்வீனோவும் பார்த்தான். ஆனால் அவன் தாய்க்கு மாட்டுப்பண்ணைக்காரர் மகள்மேல் கண். வேறொரு வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டிவிட்டாள். மகன் வாயில் கொழுக்கட்டை. பானை தொங்கியது. கந்தேலாரியாவின் அப்பா அதன் பிறகு மாதா கோயிலுக்குக்கூடப் போகவில்லை; தலை குனிந்தே செத்தார்.

பிறகு அவளைக் கட்டியவன் ஜவுளி வியாபாரி நசீப், லெபனானிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை.

"எங்க தாத்தா ஊர்லயும் விரிப்பத்தான் காட்டுவாங்களாம். சாமிதான் வேற, புத்தி ஒண்ணுதான்" என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்தாறு வருஷம் கழித்து மகன் எமீர் ஒரு பெண்ணை அழைத்துவந்தான். சில்வீனோவின் மகள் நெரேய்தா! பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

இப்போது பையனைப் பெற்றவள் கந்தேலாரியா; கைக்குட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து ஊருக்கு ஒன்றுமே சொல்லவில்லை. வாணமும் இல்லை, பானையும் இல்லை.

சில்வீனோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான்.

"கந்தே, என்னன்னு சொல்லிடு."

"நாளைக்கு வா."

எட்டு நாள் இதே பதில்தான். மீன்காரிகள் வேறு, "என்ன மாமா, சேதி வந்துச்சா?" என்று சீண்டினார்கள். அவன் வெந்து நொந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது, அதை மறைப்பானேன்.

ஒன்பதாம் நாள் சந்தைக்கே வந்துவிட்டான்.

"எம் பொண்ணு பாவம். அவமேல பழியப் போட்டுடாத."

"எங்கப்பனும் இதத்தான் சொன்னாரு. அன்னிக்கு என் துணி என்ன நெறம்? எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லு."

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒருத்தியும் நகரவில்லை.

"செகப்பு. எங்கம்மா மாத்தினா. நான் பாத்துக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

கந்தேலாரியா தராசைக் கீழே வைத்தாள்.

"இப்பவாவது எம் பொண்ணோடதக் காட்டு" என்றான்.

"அத அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. அவ என் மருமகள்னு அப்பவே அவகிட்ட சொல்லியாச்சு. உனக்குத்தான் சொல்லல."