மைனி கையெழுத்துப் போடப் போன வெள்ளிக்கிழமைகள்

ஆரியசாலையில் நாங்கள் குடியிருந்த சந்தில் என் புருஷனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஏட்டு. திருவிதாங்கூர் போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தார். மூட்டை இறக்குகிறவர்களுக்குள் அடிதடி என்றாலும், மண்டியில் சரக்குக் குறைந்தது என்றாலும், ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வாசலுக்குத்தான் ஆள் வரும். அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவார். பெரும்பாலும் எழுத்துக்கும் கோர்ட்டுக்கும் போகாமல் அங்கேயே முடிந்துவிடும். நான் நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், போலீஸ்காரன் பெண்டாட்டி என்று ஒதுக்குவார்களோ என்று பயந்திருந்தேன். ஒதுக்கவில்லை. அந்த மரியாதை அவருடைய குணத்தால் வந்தது. நானும் அதை அனுபவித்தேன்.

இரண்டு வீடு தள்ளி மைனி இருந்தாள். தெருவில் அவளுக்குச் சயாம்காரி என்று பெயர். அவள் புருஷனுடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அவர் பாங்காக்கில் ஒரு தமிழருடைய ஜவுளிக் கடையில் கணக்கெழுதப் போய், சில வருஷம் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவர். அதே தெருவில் பாக்கு மண்டி வைத்திருந்த அவருடைய அண்ணன், இவளைப் படியேற விடமாட்டேன் என்று முதலில் குதித்தாராம். அதனால் தனி வீடு வாங்கிக் குடியேறினார்கள். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். ஆகவே அவள் எனக்கு மைனி. அவளுக்கு என் புருஷன் ஏட்டண்ணன்.

அவளுடைய தமிழ் எங்கள் தெருவில் கற்றது. மலையாளமும் திருநெல்வேலியும் கலந்து, எல்லாச் சொல்லையும் கடைசியில் லேசாக இழுத்துப் பேசுவாள். 'ழ' மட்டும் கடைசிவரை வரவேயில்லை. ஒரே ஒரு பெண்பிள்ளை, அப்பாவின் மூக்கும் அம்மாவின் கண்ணுமாக இருக்கும்.

எனக்கு முதல் பிரசவத்தில் குழந்தை இறந்து பிறந்தது. பிறந்த வீட்டிலிருந்து யாரும் வந்து சேரவில்லை. தீட்டு என்று தெருவில் தயங்கி நின்றார்கள். மைனிதான் உள்ளே வந்தாள். உப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து என் அடிவயிற்றில் ஒற்றியெடுத்தாள். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் செய்வார்களாம். நான் பிள்ளை பெற்றவளா இல்லையா என்று எனக்கே தெரியாமல் கிடந்த நாட்களில், பெற்றவள் என்றே என்னை அவள் நடத்தினாள். பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அவள் மகள் பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். தலை சீவிவிடுவது என் வேலை.

அண்ணாச்சி விஷக்காய்ச்சலில் போனார். மைனி தையல் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டு ரவிக்கை தைத்துக் குடும்பத்தை நடத்தினாள். தனியாக இருக்கிற பெண் என்று ஒருத்தன் சாயங்காலம் சாயங்காலமாக அவள் வாசலில் வந்து நின்று பாடத் தொடங்கினான். மைனி யாரிடமும் சொல்லவில்லை, அழவும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு நடந்து போய், எல்லோர் முன்னாலும் அவன் இன்னான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றோடு பாட்டு நின்றது. "ஏட்டண்ணன் அங்கே இருக்காரு. எனக்கு என்ன பயம்?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எங்கள் தெருவில் வேறெந்தப் பெண்ணுக்கும் அந்தத் துணிச்சல் இருந்ததில்லை.

பிறகு யுத்தம் வந்தது. சயாம் ஜப்பானோடு சேர்ந்துகொண்டது என்று கடைத்தெருவில் பத்திரிகை வாசித்தார்கள். எனக்கு அது அரிசி விலையைப் பற்றிய சமாசாரமாகத்தான் பட்டது. ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து, தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"அன்னிய நாட்டுக்காரங்களை எல்லாம் அந்தந்த ஸ்டேஷன்ல பதிவு செய்யணுமாம். சத்துரு தேசத்து ஆளுன்னா வாராவாரம் வந்து ஒப்புப் போடணும். டவுணை விட்டு வெளியே போகக்கூடாது."

"அதுக்கு?"

"நம்ம ஸ்டேஷன் எல்லைக்குள்ள ஒரே ஆளுதான் இருக்கு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "மைனியா? அவ அண்ணாச்சிக்குப் பெண்டாட்டில்லா? புருஷன் ஊருதான பெண்டாட்டிக்கு ஊரு?"

"சட்டமும் அப்படித்தான் சொல்லுகு. கல்யாணம் நடந்ததுக்கு ரிக்கார்டு வேணும்ங்காரு இன்ஸ்பெக்டர். பாங்காக்குல எந்தக் கோயில்ல, எந்த ஐயர் முன்னால கெட்டினாருன்னு நான் எங்கே போய்க் கேக்க?"

"உங்களுக்குத் தெரியும்லா. எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும்ங்கது ரிக்கார்டு ஆகாது, ஏட்டி."

நான் விடவில்லை. கள்ளனைப் பிடிக்கிற போலீசுக்கு இந்த வேலை எதற்கு, நாட்டுக்கு வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்ளட்டும், தெருவில் உள்ளவளைத் தெருப் போலீசே பிடித்தால் அப்புறம் அவள் யாரிடம் போவாள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"யுத்த காலம். ஒற்றன் எங்கே இருக்கான்னு சர்க்காருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆளை அறியாத ஒருத்தன் வந்து செஞ்சா அவளை என்ன பாடு படுத்துவானோ? நான் செஞ்சா மரியாதையாட்டுச் செய்வேன். அதுதான் அவளுக்கு நல்லது."

அவர் அதை நம்பினார். நானும் அன்றைக்குப் பாதி நம்பினேன்.

கல்யாணத்துக்குச் சாட்சி தேடி அவரே தெருவில் இறங்கினார். முதலில் மண்டிக்காரரிடம், அண்ணாச்சியின் அண்ணனிடம் போனார். "தம்பி அவளைக் கூட்டிட்டு வந்து வச்சிருந்தான். தாலி கெட்டினத நான் பாக்கலை, ஏட்டையா" என்றார் அவர். மைனியின் வீட்டின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே கண் இருந்தது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களாவது சொல்வார்கள் என்று இவர் கதவு கதவாகப் போனார். இவருக்கு மோர் கொடுத்து உபசரித்தவர்கள்தான். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு மிளகாய் வியாபாரி மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"இன்னைக்கு அவ எந்த ஊருன்னு கேக்கிய. நாளைக்கு நாங்க எந்த ஊருன்னு கேப்பிய. எங்களுக்கும் எல்லை தாண்டி, செங்கோட்டைக்கு அந்தப் பக்கந்தான ஊரு? எங்க பேரு எந்தக் காகிதத்திலயும் ஏற வேண்டாம், ஏட்டையா."

நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். போலீஸ்காரன் பெண்டாட்டியின் சாட்சி செல்லாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாராம்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மைனி ஸ்டேஷனுக்குப் போனாள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் சில வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டண்ணன் பெஞ்சில உக்காரச் சொல்றாரு, தங்கச்சி. தண்ணி தர்றாரு" என்றாள். பிறகு சிரிப்பது நின்றது. அவளுக்கு ரவிக்கைத் துணி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு தையல்காரனிடம் போனார்கள். எங்கள் வாசலுக்கு ஆள் வருவதும் குறைந்தது. அவர் தெருவில் நடந்தால் பேச்சு தாழ்ந்துபோகும். அவர் அதைக் கவனிக்காதவர்போல நடந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கன்னம் கன்றிப்போய் இருந்தது. ஸ்டேஷனில் அவர் கேட்டாராம், என்ன அடி என்று. கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாளாம். அவர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் அப்படியே சொன்னார். நான் அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். ரொம்ப நேரம் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அவங்க அண்ணன் வந்தாரு. வீட்டை எழுதிக் குடுன்னாரு. மாட்டேன்னேன். அடிச்சாரு."

"ஏன் அவரிட்ட சொல்லலை, மைனி? அந்த வாசல்ல பாடினவனைப் போய்ச் சொன்னியே?"

"அப்போ அது வேற ஸ்டேஷன், தங்கச்சி." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அடிச்சிட்டு அவர் என்ன சொன்னாரு தெரியுமா? போ, போலீஸ்ல போய்ச் சொல்லு, அவங்களே உன்னைக் கப்பல் ஏத்துவாங்கன்னு. நான் சத்தம் போட்டா சத்தம் போட்டவன்னு எழுதுவாங்க. சண்டைக்காரின்னு எழுதுவாங்க. நான் யாருகிட்ட போக?"

மரியாதையாகச் செய்வதற்காக அந்த வேலையை ஏற்றுக்கொண்டவருடைய வாசல்தான் அவளுக்கு முதலில் அடைபட்டது. வேறு எவனோ ஒருத்தன் வந்து அவளைப் பதிவு செய்திருந்தால், அடி வாங்கிக்கொண்டு ஓடிவர அவளுக்கு ஏட்டண்ணன் மிச்சமிருந்திருப்பார். இதை நான் அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து நேரே பாக்கு மண்டிக்குப் போய், அந்த மனுஷனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து எச்சரித்துவிட்டு வந்தார். அன்றைக்கு எனக்கு அவரை மறுபடி பழைய ஏட்டாகப் பார்த்ததுபோல இருந்தது.

ஆனால் மண்டிக்காரர் மேலிடத்தில் ஒரு மனு கொடுத்தார். சத்துரு தேசத்துப் பெண்ணுக்கு ஸ்டேஷனிலேயே ஆதரவு இருக்கிறது என்று. இவரை அழைத்து விசாரித்தார்கள். சில வாரங்களில் உத்தரவு வந்தது. அவளை வடக்கே எங்கேயோ இருக்கிற முகாமுக்கு அனுப்ப வேண்டும். ரயிலேற்றிக் காவலோடு ஒப்படைக்க வேண்டியவர், இந்த ஸ்டேஷன் ஏட்டு.

"பிள்ளை?" என்று கேட்டேன்.

"பிள்ளை அன்னிய நாட்டுக்காரி இல்லை. அது இங்கேயே நிக்கும்."

"அப்போ நம்மகிட்ட நிக்கட்டும். நான் வளக்கேன்."

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். மண்டிக்காரர் முந்திக்கொண்டிருந்தார். தம்பியின் ரத்தம், எங்கள் குடும்பத்துப் பிள்ளை என்று உரிமை கேட்டிருந்தார். தாய் பெண்டாட்டி இல்லை; மகள் மட்டும் தம்பியின் வாரிசு. இரண்டையும் ஒரே மனுஷன் சொன்னார். இரண்டையும் ஒரே ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். இது எப்படி நியாயமாகும் என்று அவரிடம் கத்தினேன். "எனக்கு மட்டும் தெரியலையா?" என்று அவரும் முதல் தடவையாகக் கத்தினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விட்டாலும் இன்னொருத்தன் வந்து ஏற்றுவான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பிள்ளையைக் கொண்டுவர மண்டிக்காரர் விடவில்லை. மைனி ஒரு துணி மூட்டையோடு பெண்கள் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு முடி சீவும்போது இடது பக்கம் சுழி இருக்கிறது, இழுத்தால் அழுவாள் என்றாள். எனக்குத் தெரிந்ததுதான். தெரியும் என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டேன்.

அவர் பிளாட்பாரத்தில் காகிதங்களோடு நின்றுகொண்டிருந்தார். வடக்கேயிருந்து வந்திருந்த காவல்காரர்களிடம் அவளை ஒப்படைத்துவிட்டு, ஜன்னலருகே வந்து, "என்னைக் கொண்டு ஆனது இவ்வளவுதான்" என்றார். மைனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குப் பதில் வேற யாராவது வந்திருக்கலாம், அண்ணா. வாய் நிறையத் திட்டவாவது செஞ்சிருப்பேன்."

வண்டி நகர்ந்தது. அவர் சல்யூட் வைப்பதுபோலக் கையைத் தூக்கிப் பாதியில் இறக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆரியசாலையில் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கிட்டங்கியின் பூட்டை உடைத்துச் சரக்கை வண்டியில் ஏற்றிப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் முதல் கடைசிவீட்டுக்காரர் வரை எல்லோரும் தூங்கிப்போய்விட்டோம் என்றார்கள். முன்பெல்லாம் கேட்காமலேயே வந்து சொன்னவர்கள் அவர்கள். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். "அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார். பென்ஷன் வாங்கும்வரை அதே ஸ்டேஷனில்தான் வேலை பார்த்தார். ஆனால் பாதிச் சோற்றில் எழுந்திருக்கும்படி யாரும் அவரைக் கூப்பிட வரவில்லை. முழுச் சோற்றையும் அவர் சாப்பிட்டு முடிப்பதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

யுத்தம் முடிந்ததும் மைனியைப் பற்றி அவர் விசாரித்தார். பலமுறை விசாரித்தார். முகாமைக் கலைத்துவிட்டார்கள், சிலரைக் கப்பலில் அனுப்பினார்கள், சிலர் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. இவள் எதில் சேர்த்தி என்று சொல்ல ஆளில்லை.

பெண்ணை மண்டிக்காரர் தென்காசிப் பக்கம் ஒரு வயதானவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார். வீடு அவருக்கே ஆயிற்று. ஒரு உறவுக் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது நான் விலாசம் விசாரித்துக்கொண்டு தேடிப் போனேன். அவர் வரவில்லை. எந்த முகத்தோடு வர என்றார்.

அவளே வந்து கதவைத் திறந்தாள். தாய்க்கு இருந்த அதே கண். நான் யாரென்று உடனே தெரிந்துகொண்டாள். இடுப்பில் குழந்தை இருந்தது. அம்மாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று என்னிடம் கேட்பாள் என்று, வழியெல்லாம் சொல்ல ஒரு பதிலைத் தேடிக்கொண்டே போயிருந்தேன். அவள் கேட்கவில்லை.

"ஏட்டு வீட்டம்மா," என்றாள். "எங்க வீட்டுல எல்லாரும் இந்த ஊருதான். கெழவரு, நான், இந்தப் பிள்ளை, எல்லாரும். ஆரும் வேற ஊரு இல்லை."

"நான் உன்னைப் பாக்கத்தான் வந்தேன், மக்கா."

"பாத்தாச்சுல்லா?" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் பஸ் நிற்கிற இடத்தை நோக்கி நடந்தேன்.