முதுகைக் காட்டி நின்ற கோச்

ரெஜி அண்ணை போய்விட்டார். இன்று காலை, வேலைக்கு வெளிக்கிட்டு வீட்டு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது... மாரடைப்பாம்.

அவருடைய மனைவி ஜெனி அக்கா ஃபோன் எடுத்தபோது நான் ரயிலில் நின்றேன். கந்தோருக்கு வேலைக்குப் போகவில்லை. பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் நடந்து... ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

இதை எழுதவும் மூன்று தரம் இருந்து, மூன்று தரம் எழும்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெஜி அண்ணை பகலில் லிஃப்ட் திருத்துபவர். நான் படித்த காலத்தில், பின்னேரத்தில் எங்கள் யூனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்போல் டீமில் குவாட்டர்பேக் கோச்.

காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. குவாட்டர்பேக் என்பவன் பந்தைக் கையில் வாங்கி, எதிரணி தன்மேல் வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். மூன்று செக்கன் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த ஆள் நான்.

"கட்டிப் புரளவே உன்னை யூனிவர்சிட்டிக்கு அனுப்பினது?" என்று அம்மா ஏசினார். அண்ணை வீட்டுக்கே வந்து சமாதானம் சொன்னார். "அன்ரி, இவன் புரளமாட்டான். புரளுறதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம்."

முழுப் பொய். முதல் மேட்சிலேயே மூக்கு உடைந்தது.

முதல் வருடம் அவர் கோட்டுக்கு வெளியே நின்று தமிழில் கத்துவார். "வலப்பக்கம் ஒருத்தன் தனிய நிக்கிறான், எறி." "எறியாதை, ஓடு."

எதிரணிக்கு ஒரு மண்ணும் விளங்காது. நான் எதையும் பார்க்கத் தேவையில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். வரிசையாக வென்றோம்.

அரையிறுதியில் அவர் "இடப்பக்கம் எறி" என்று கத்தினார். நான் எறிய, எதிரணிக்காரன் ஒருவன் முன்னாலேயே போய் நின்று பந்தைப் பிடித்தான். இரண்டாவது தரமும் அவனே. மூன்றாவது தரமும்...

மேட்ச் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவன் எங்கள் பக்கம் வந்தான். பக்கத்து ஊர் ஓல்னே-சூ-புவாத் தமிழ்ப் பெடியன். "அண்ணை, எல்லாம் வடிவா விளங்கினது. நன்றி" என்றான்.

பாரிசுக்கு வடக்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்த மொக்கர்கள் நாங்கள். டீம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. நான் அழுதேன்.

அடுத்த சீசன் அவர் வாயே திறக்கவில்லை. பந்து என் கைக்கு வந்ததும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவார்... நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாதாம்.

வெளியே வந்ததும் ஒரே கேள்வி. "என்ன கண்டனீ?"

"கை வழுக்கிப் போச்சு அண்ணை."

"அதைக் கேக்கேல்லை. எறிய முதல் என்ன கண்டனீ?"

ஒன்றும் காணவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வெட்கம். தொடர்ந்து நாலு தோல்வி, அந்த முதுகைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி எழுதப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை...

தலைமைக் கோச்சுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். இந்த ஆள் என்னைக் கெடுத்துவிட்டார், நான் விளையாடுவதைப் பார்ப்பதுகூட இல்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று.

அடுத்த கிழமை ரெஜி அண்ணை மைதானத்தில் இல்லை. அவருக்கு வேலை கூடிவிட்டது, இனி வரமாட்டார் என்று டீமுக்குச் சொன்னார்கள்.

புதுக் கோச் நன்றாகக் கத்துவார். ஆனால் அதற்குள் எனக்கு... எப்படிச் சொல்வது, ஆட்கள் தெரியத் தொடங்கியிருந்தார்கள். யார் உண்மையாக ஓடுகிறான், யார் பேய்க்காட்ட ஓடுகிறான் என்று எல்லாம் தெரிந்தது.

மிச்ச மேட்ச் எல்லாம் வென்றோம். பெயர் புதுக் கோச்சுக்கு.

ரெஜி அண்ணை ஒவ்வொரு மேட்சுக்கும் வந்தார். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். முடிந்ததும் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தமிழ்க் கடைக்குக் கொத்து ரொட்டி தின்னக் கூட்டிக்கொண்டு போவார், நானும் முன்னால் இருந்து கூச்சமில்லாமல் தின்பேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் பழகினோம். சொல்ல வாயெடுத்து, இன்னொரு கோலா தாருங்கள் என்று கடைக்காரரிடம் கேட்ட நாட்களும் உண்டு.

இன்று மத்தியானம் கார்ஜ் நகரில் இருக்கும் அண்ணை வீட்டுக்குப் போனேன். விறாந்தை முழுக்கச் சனம். குசினிக்குள் ஜெனி அக்கா தனியே நின்றபோது சொல்லிவிட்டேன். "அக்கா, அண்ணையை எடுக்கச் சொல்லி எழுதினது நான்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "அவருக்குத் தெரியும் தம்பி. அந்த மெயிலை அண்டைக்கே அவருக்குக் காட்டினவை. ரெண்டு நாள் சாப்பிடேல்லை மனுசன்."

"பிறகேன் அக்கா என்ரை மேட்சுக்கு வந்தவர்?"

"நானும் போகவேண்டாம் எண்டுதான் சொன்னனான். 'நான் போகாட்டி, எனக்குத் தெரியுமெண்டு அவனுக்கு விளங்கிடும். பிறகு அவனுக்குக் கை ஓடாது' எண்டுட்டு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர்."

வெள்ளிக்கிழமை காலை கார்ஜ் கோயிலில் அண்ணையின் அடக்கப் பூசை. பழைய டீம் ஆட்கள் எல்லோரும் வாருங்கள்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை... போயிட்டு வாங்கோ.