லட்டுக்குப் பதிலாக அத்திப்பழம்

பட்டறையில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் லட்டு வரும். பிள்ளை பிறந்தால் லட்டு, பையனுக்கு வேலை கிடைத்தால் லட்டு, அவன் முதல் சம்பளம் வாங்கினால் மறுபடி லட்டு. காலை டீக்குச் சங்கு ஊதியதும் விஷயக்காரர் டப்பாவைத் திறந்துகொண்டு வருவார். எண்ணெய்க் கை, கிரீஸ் கை என்று பார்க்காமல் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டே போவார். லட்டைக் கையில் வாங்கியவன் அதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும், வாயில் போட்டுக்கொள்வான். போட்டுக்கொண்டே, நல்லா இருக்கட்டும் என்று அவனவன் பாஷையில் சொல்லுவான். அதற்குள் அடுத்தவன் கை நீண்டிருக்கும்.

செகந்திராபாத் பக்கம் லாலாகுடாவில் இருந்த அந்த ரயில்வே பட்டறைக்கு நான் காண்ட்ராக்டரின் ஆளாகப் போனவன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டபின் திருப்பூர், பூனா, பெல்லாரி என்று சுற்றிவிட்டு ஒரு மழைக்காலத்தில் செகந்திராபாத்தில் இறங்கினேன். ஏன் அங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரயில் நின்றது, இறங்கினேன். பழைய பெட்டிகளின் பெயின்ட்டைச் சுரண்டும் வேலை கிடைத்தது. ஜன்னலும் இருக்கையும் கழற்றிய பெட்டிக்குள் நின்று சுரண்டுவோம். மேலே நீலம், அதன் கீழே செங்காவி, அதற்கும் கீழே சில பெட்டிகளில் யாருக்கும் நினைவில்லாத ஒரு பச்சை. தூசு வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பெட்டி மெல்ல நகர ஆரம்பிக்கும், மரங்கள் பின்னால் போகும். மேஸ்திரி கத்தினால் மறுபடி நின்றுவிடும். இரவில் இருமினால் சளியில் நீலம் வந்தது. வேறு தொந்தரவு இல்லை.

தங்கியிருந்தது கார்ப்பென்டர் பிரிவில் வேலை பார்த்த ஒரு அரக்கோணத்துக்காரரின் குவார்ட்டர்ஸில், பின்பக்கத் தகரக் கொட்டகையில். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டேன். அவர்களுக்கு ஒரே மகள். லாலாகுடாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழில் கேட்டால் தெலுங்கு கலந்து பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் தமிழ் அப்படியே வந்துவிடும்.

அவளுக்குக் கால் சென்டரில் வேலை கிடைத்திருந்தது. ஊரின் மறுகோடியில், மாதாப்பூர் பக்கம் பாறைகளை உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்த காலம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு வெள்ளை வண்டி தெருமுனைக்கு வந்து நிற்கும். அவளை ஏற்றிக்கொண்டு போய், விடியும்போது கொண்டுவந்து விடும். வெயில் நாட்களில் நான் வெளியே கட்டில் போட்டுப் படுப்பேன். பாதித் தூக்கத்தில் கண் திறந்தால், பால் வண்டி போன ஈரத்தின் மேல், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வருவாள். வீட்டை எழுப்பக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிடுவாள். தெருவே அப்போது தண்ணீருக்குள் இருப்பதுபோல இருக்கும். கனவா நிஜமா என்று தெரிந்துகொள்வதற்குள் நான் மறுபடி தூங்கிவிடுவேன். ஆபீஸில் அவளுக்கு வேறு ஒரு பெயர், வெள்ளைக்காரப் பெயர். பகலில் தூங்கும்போது இங்கிலீஷில் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறாள் என்று அண்ணன் சொல்லுவார்.

அண்ணிக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. "வெளக்கு வெக்கற நேரத்துல பொண்ணுங்க வூட்டுக்கு வரும். இது கெளம்பிகினு போவுது. இந்த லைன் வூட்டுக்காரங்க வாய யார் மூடறது?" என்பாள். ஒரு மாதம் போகட்டும், முதல் சம்பளம் வந்த பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று அண்ணன் சொல்ல வேண்டும் என்று வீட்டில் பேச்சு. அண்ணன் எதையும் சட்டென்று சொல்லுகிறவர் அல்ல. மரத்தை வெட்டுவதற்கு முன்பு மூன்று தடவை தடவிப் பார்ப்பார். "பட்டறையில நாலு பேருக்கு ஸ்வீட் குடுப்போம். இன்னா சொல்றாங்கன்னு பாப்போம். அப்பால சொல்றேன்" என்றார்.

மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. நாலு பேர் வாய் நிறைய வாழ்த்திவிட்டால் அப்பாவால் நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் லட்டு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள். ஆபீஸ் கேன்டீனில் விற்கும் ஒரு குக்கீஸ் அவளுக்கு உயிர். வெளியே பிஸ்கட், உள்ளே அத்திப்பழக் கூழ். இரண்டிரண்டாகப் பளபளக்கும் காகிதத்தில் அடைத்திருப்பார்கள். நடுச்சாமத்தில் தலை சுற்றும்போது அதைத் தின்றுதான் அடுத்த போனை எடுப்பாளாம்.

"லட்டு எல்லாரும் குடுப்பாங்க டாடி. இதி நா ஜீதம், நா ஸ்வீட்டு" என்றாள். என் சம்பளம், என் இனிப்பு.

"பிஸ்கோத்து குடுத்தா இனிப்பு குடுத்த மாதிரி ஆவுமாடி?" என்றாள் அண்ணி.

முதல் சம்பளம் வந்த மறுநாள் டீ நேரத்தில் அண்ணன் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாக்கெட் வைத்து, "பொண்ணு மொத சம்பளம்" என்றார். வாங்கியவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். காகிதம் வெயிலில் மின்னியது. "அரே வா!" என்றார் வெல்டர் பாய். பிறகு எல்லோரும் ஒன்றே செய்தார்கள். பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

பிரிக்காத பொட்டலத்தை வேலை இடத்தில் யார் தின்பார்கள்? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கிழவன் கிழவி இருக்கிறார்கள். பளபளப்பாக எது கையில் வந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் குடும்பக்காரன் வழக்கம். மகளுக்கும் அது தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. அவர் காலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ஒருவர் வாயும் அசையவில்லை. கொண்டுபோக வீடில்லாத நான் மட்டும் அங்கேயே பிரித்துத் தின்றேன்.

சாயங்காலம் மகள் தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "டாடி, ஏமன்னாரு?" என்ன சொன்னார்கள்?

"ஒண்ணியும் சொல்லலமா. எல்லாம் பாக்கெட்ல போட்டுகினு பூட்டானுங்க."

"யாருமே தின்னலயா?"

"இவன் துன்னான்" என்று என்னைக் காட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அண்ணியும் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். என் பேச்சுக்கு ஒரு வீடு காத்திருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. "காலையில ஒண்ணும் சாப்பிடலம்மா. பசியில சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு" என்றேன். பசியில் தின்றவன் சொல்லும் ருசிக்கு மதிப்பில்லை என்று அவள் முகம் சொன்னது. சரிதான். அந்த நாட்களில் எனக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. அவள் போனாள்.

மறுநாள் காலை டீக்கு வெல்டர் பாய் நேரே அண்ணனிடம் வந்தார். "க்யா சீஸ் தியே பாய்! அஞ்சீர்!" என்ன அருமையான சாமான் கொடுத்தீர்கள், அத்திப்பழம்! அவருடைய அப்பாவுக்குப் பல் கிடையாது. ராத்திரி அதை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, இன்னொன்று கொண்டு வா என்று குழந்தை மாதிரி அடம் பிடித்தாராம். அஞ்சீர் சொர்க்கத்துப் பழம், ரத்தத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே அண்ணன் முதுகில் தட்டினார்.

"சொர்க்கமா?" என்றார் சார்ஜ்மேன். எங்களுக்கெல்லாம் மேற்பார்வை அவர்தான், கும்பகோணத்துக்காரர், சைவம். "எங்காத்துல தொடவே இல்ல ஓய். அத்திப்பழத்தைப் பிட்டுப் பாத்திருக்கீரா? உள்ள பூச்சி நெளியும்."

"சார், கவர்ல பச்சைப் புள்ளி போட்டிருக்கான் சார்" என்றார் அண்ணன் பாவமாக.

"பச்சைப் புள்ளி போட்டுட்டா புழு சைவமாயிடுமோ?"

டீக்கடைப் பக்கம் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அதோடு முடியும் என்று நினைத்தால், தெலுங்கு ஃபிட்டர் ஒருவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அவர் மாமியார் ஒரு கடி கடித்துவிட்டு, பல்லில் மணல் அகப்பட்டதென்று வாய் கொப்பளிக்கப் போனாளாம். அது மணல் இல்லை, விதை என்று சொன்னால் நம்பவில்லை. அவருடைய சின்ன மகன் உள்ளே இருப்பதை மட்டும் நக்கிவிட்டு பிஸ்கட்டை அக்காவுக்குக் கொடுத்தான். அக்காவுக்கும் அதுதான் வேண்டுமாம், பிஸ்கட்தான். சண்டையில்லாமல் முடிந்தது.

"அதெல்லாம் நக்கோ, வேணாம் பாய்" என்று இன்னொருவர் நடுவில் புகுந்தார். "ஃப்ரூட் பிஸ்கட்னா நம்ம ஊர் பேக்கரியில குடுக்கறாங்களே, அதுதான். செவப்பு, பச்சை, மஞ்சள்னு மேலயே தெரியும். பழம்னா கண்ணுக்குத் தெரியணும். ஒளிச்சு வெச்சா சந்தேகம் வராதா?"

"கைக்கு? எதுக்கு சந்தேகம்? சமோசாவுக்குள்ள இருக்கறது வெளிய தெரியுதா?" என்றார் வெல்டர்.

"சமோசா வேற!"

"எப்படி வேற?"

சங்கு ஊதியும் யாரும் நகரவில்லை. மேஸ்திரி வந்து விரட்ட வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுவதும் அதே பேச்சு. பெட்டிக்குள் சுரண்டிக்கொண்டு நிற்கும்போது, ஜன்னல் இல்லாத ஓட்டைகள் வழியாக எங்கிருந்தோ அத்திப்பழம் என்ற சொல் மிதந்து வரும். ரம்பத்தின் சத்தம், சுத்தியல் சத்தம், நடுவே அஞ்சீர். சார்ஜ்மேன் சொன்ன பூச்சி மெல்லப் பெரிதாகி, மதியத்துக்குள் சிறகு முளைத்து எங்கள் பெட்டிக்குள் பறந்தது. நான் அதைப் பார்த்தேன் என்றே நினைக்கிறேன். வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்தால் இப்படிச் சில காட்சிகள் இலவசம்.

சாயங்காலம் வண்டி வருவதற்கு முன்னால் வாசலில் கணக்கு ஒப்படைப்பு நடந்தது. அண்ணன் ஒருவர் விடாமல் சொல்லுவார், அவரவர் குரலிலேயே. அதிகம் பேசாத அந்த மனிதரே, பல் இல்லாத கிழவர் டீயில் நனைத்துச் சப்பியதை நடித்துக் காட்டினார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூச்சி விஷயத்துக்கு மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. "அந்த மாமாவுக்கு நாக்குன்னு ஒண்ணு கீதா இல்லியா?" என்று அம்மாவின் தமிழில் கேட்டாள்.

அண்ணி சிரிக்கவில்லை. அவள் வேறொன்றுக்காகக் காத்திருந்தாள். வார முடிவில் கேட்டேவிட்டாள்.

"பிஸ்கோத்து கதை போதும்யா. வண்டியப் பத்தி இன்னா சொன்னாங்க? ராத்திரி வேலையப் பத்தி?"

அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். யோசித்தார். வெல்டர், ஃபிட்டர், சார்ஜ்மேன் என்று ஒவ்வொருவராக மனசுக்குள் தடவிப் பார்த்தார் போலிருக்கிறது.

"ஒருத்தனும் ஒண்ணியும் கேக்கல" என்றார். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. "மாமியாப் பல்லு, புழு, பச்சைப் புள்ளி... அத்தப் பத்தித்தான் பேசறானுங்க. வண்டியப் பத்தி ஒருத்தன் வாயத் தொறக்கல."

"நேர்ல பேசுவாங்களா? பின்னாடி பேசுவாங்க."

"பின்னாடியும் அத்திப்பழந்தான் அண்ணி" என்றேன் நான். எனக்குத் தெரியும். காண்ட்ராக்ட் ஆள் பக்கத்தில் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. அவர்கள் பின்னால் பேசுவதெல்லாம் என் முன்னால்தான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு பேச்சுதான் காதில் விழுந்தது, அங்கே என்ன சம்பளம் தருகிறார்கள் என்று. அதையும் சொன்னேன்.

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள், நம்பலாமா என்பதுபோல. எதிர் லைனில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பாகி, வேப்பமரத்தடியில் நீலமாகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் எல்லோருமே கொஞ்சம் மிதப்பார்கள். வெள்ளை வண்டி வந்து நின்றது.

மகள் போகவில்லை. "டாடி, மாசம் முடிஞ்சுபோச்சு. செப்பு. போவட்டுமா, வேணாமா?"

அண்ணன் வாசல் நிலையைத் தடவினார். ஹாரன் ஒரு முறை அடித்தது.

"அடுத்த மாசம் லட்டு வாங்கு" என்றார் கடைசியில். "கையில வெச்சா அங்கியே துன்னுடுவானுங்க. இந்த வம்பே வராது."

"ரெண்டாவது சம்பளத்துக்கு எவன்யா ஸ்வீட்டு குடுப்பான்?" என்றாள் அண்ணி சட்டென்று. "ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. அத்த பேங்குல போடச் சொல்லு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது போலிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் அதற்குள் தெருமுனையில் இருந்தாள்.

இரண்டாவது சம்பளம் வந்தபோது நான் அங்கே இல்லை. இருமல் கூடியதால் காண்ட்ராக்டர் கணக்கை முடித்துவிட்டார். லோத்குண்டா பக்கம் வீடு கட்டும் ஓர் இடத்தில் செங்கல் சுமக்கப் போனேன். அங்கேயும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதுபோன்ற வெள்ளை வண்டிகள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. ஒரு வாசலில் ஓர் அம்மா நின்றுகொண்டு, டிபன் டப்பாவை மறந்துவிட்டாயே என்று வண்டிக்குப் பின்னாலேயே தெலுங்கில் கத்திக்கொண்டு ஓடினாள்.