மிரானின் கழுத்து

தாடையைக் கூராக்குவது எப்படி என்று பேசிப் பேசியே மிரானுக்குத் தாடை வலித்தது. சியோலில், கட்டடத்துக்கு நாலு அழகு கிளினிக் இருக்கிற தெருவில், ஒன்றில் அவள் ஆலோசனை மேனேஜர். வருகிறவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன்னால் கைக்கண்ணாடியைக் கொடுத்து, எங்கே தொங்குகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் வேலை. கொழுப்பைக் கரைக்க ஊசி, தோலை இறுக்க அல்ட்ராசவுண்ட், இழுத்துப் பிடிக்க நூல். எதற்கும் மசியாத கழுத்துக்குக் காதுக்குப் பின்னால் கத்தி. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்மா" என்று அவள் சொல்லாத நாளில்லை. எந்த ஊர் எறும்பு அப்படிக் கடிக்குமோ, அவளுக்கே வெளிச்சம்.

அவளுடைய சொந்தக் கழுத்து ஐம்பது தாண்டிய கழுத்து. அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கார்ஃப் கட்டி மறைத்துக்கொள்வாள். பயமெல்லாம் இல்லை, அலுப்பு. நாள் முழுக்க ஊரார் கழுத்தைப் பார்த்தவளுக்கு வீட்டுக்குப் போய்த் தன் கழுத்தைப் பார்க்கத் தெம்பு ஏது? புருஷன் கிடையாது. இந்த நாற்காலி போனால் அந்தத் தெருவில் வேறு நாற்காலி கிடைக்காது. மற்ற கிளினிக்குகளில் எல்லாம் முப்பது வயதுக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் சுன்தொக், மொக்போ துறைமுகத்தில் உப்பு மீன் கடை வைத்திருப்பவள். மகள் போராவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் செய்யும் கடமைகளில் முகத்தைத் தூக்கிக் கட்டுவதும் சேர்ந்துபோன காலம் இது. மாட்டேன் என்றால் பெண்ணின் மனசு நோகும், சரி என்றால் தன் தோல் நோகும்.

"மாப்பிள்ளையோட அம்மாவும் நீயும் கல்யாண மேடைக்கு ஜோடியா நடந்துபோய் மெழுகுவத்தி ஏத்தணும்மா. எல்லா போட்டோவுலயும் பக்கத்துல பக்கத்துல வருவீங்க. அவங்க எப்பவோ தூக்கிட்டாங்க" என்றாள் போரா.

"எதத் தூக்கிட்டாங்க?"

"தாடையம்மா!"

"நல்லவேளை. நான் மெழுகுவத்தியத்தான் தூக்கிட்டாங்களோன்னு பாத்தேன்."

போரா முறைத்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடிக்க, எழுந்து வெளியே போனாள். சுன்தொக் சட்டென்று மிரானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, உள்ளதச் சொல்லு. என் எடத்துல நீ இருந்தா பண்ணிப்பியா?"

எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். அதற்குப் பதிலும் தயாராக உண்டு. ஆனால் மிரான் காலையிலிருந்து சாப்பிடவில்லை, தலை வேறு விண்விண்ணென்று தெறித்தது. பொய் சொல்லவும் ஒரு சக்தி வேண்டும் அல்லவா? ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கழுத்தைக் காட்டினாள்.

"அடிப்பாவி! என்னுது தேவல போலிருக்கே!"

"இந்தக் கழுத்துக்கெல்லாம் நூல் நிக்காதுக்கா. ஒரு வருஷத்துல பழைய குருடி கதவைத் திறடிதான். வேண்டாம்னே சொல்லிடுங்க."

சுன்தொக் சொன்னாள். மெதுவாகவா சொன்னாள்? மீன் சந்தையில் விலை கூவிய தொண்டை. டாக்டர் பியோன் வந்து உட்கார்ந்ததும், "இங்கயே வேல பாக்குற இந்தம்மாவே பண்ணிக்கல, எனக்கு மட்டும் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து நடந்தாள். மகள் அழாத குறையாகப் பின்னால் ஓடினாள்.

டாக்டர் மிரானைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சமையக்காரியே தன் சமையலச் சாப்பிடலன்னா அந்தக் கடைக்கு யாரும்மா வருவா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலியாத்தான் இருக்கு, இலவசமா பண்ணி விடறேன். இல்ல, வேண்டாம்னா போன் எடுக்கற ரூமுக்குப் போயிடுங்க. அங்க முகத்தை யாரும் பாக்கமாட்டாங்க."

போன் ரூமுக்குப் போன யாரும் திரும்ப முன்னால் வந்ததில்லை. அங்கிருந்து அடுத்தது வாசல்தான். அவள் சண்டை போட்டிருக்கலாம். போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படுத்தாள். மரத்துப்போக ஊசி போட்டும், தோலுக்கடியில் நூல் ஏறும் நறநறப்பு காதுக்குள் கேட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பேரை இந்தப் படுக்கைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது. அழுதால் இழுத்த இடம் கோணிக்கொள்ளும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தாடையைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சுன்தொக் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாலஞ்சு நாளா எங்கிட்டப் பேச மாட்டேங்கறா. எங்கம்மாவுக்கு என் கல்யாணத்துல அக்கறையே இல்லன்னு ஊர்பூரா சொல்றா. அன்னிக்கு எங்கிட்டச் சொன்னியே தங்கச்சி, அத இவகிட்டயும் ஒரு தடவ..."

அதற்குள் பட்டையைப் பார்த்துவிட்டாள்.

"பாத்தியாம்மா!" என்றாள் போரா. "வேண்டாம்னு சொன்னவங்களே பண்ணிக்கிட்டாங்க. இப்ப என்ன சொல்ற?"

டாக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. மிரான் வாயைத் திறந்தாள். வேண்டாம்க்கா என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வீக்கத்தையும் மீறி அதைச் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

சுன்தொக் கோபித்துக்கொள்ளவில்லை. ஏமாற்றிவிட்டாயே என்றும் கேட்கவில்லை. குனிந்து, உப்பேறி வெடித்த விரலால் வீங்கிய கன்னத்தை மெதுவாகத் தொட்டாள்.

"ரொம்ப வலிச்சுதாடி?"

மிரான் தலையாட்டினாள். கண்ணீர் பட்டைக்குள் இறங்கியது.

சுன்தொக் பெருமூச்சு விட்டாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை.

"சரி, என்னிக்கு வரணும்னு எழுதிக்கோ. கல்யாணத்துக்கு முன்னால வீக்கம் வடியணும், அத மட்டும் பாத்துக்க."

மிரான் பேனாவை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை காலியா இருக்குக்கா" என்றாள்.