தம்பிஐயாவின் வேலியும் ரயில் மேடையும்

காங்கேசன்துறைப் பாதையில் எங்கள் ஊர் ஸ்டேஷன் ஒரு பெட்டிக்கடை அளவுதான். ஒற்றைத் தண்டவாளம், அதன் கிழக்கே மேடை, மேடையில் ரிக்கற் அறை, உட்கார ஒரு வாங்கு, ஊர்ப்பெயர் எழுதிய பலகை. மேடைக்குப் பின்னால் தம்பிஐயாவின் வீட்டு வளவு.

ஐம்பத்தாறில் ரயில்வேயின் கம்பிவேலி துருப்பிடித்து விழுந்தது. "அரசாங்கத்துக்கு ஏன் வீண் கரைச்சல், நானே அடைக்கிறன்," என்றார் தம்பிஐயா. அன்று பிடித்தது சனி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் வேலிக் கதியால்களை ஒரு சாண் மேற்கே, மேடைப் பக்கம் தள்ளி நடுவார். எங்கள் ஊரில் வேலி அடைப்பதென்றாலே அதுதானே. ஸ்டேஷன் மாஸ்டர்மார் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருந்தார்கள். வந்தவருக்கு வந்த அன்று கண்டதுதான் எல்லை.

மனுசனை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. மூத்தவளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தாயிற்று. இளையவள் பத்மாசினிக்கு வீடு கட்ட மிச்சக் காணி போதாது. வீடில்லாத பிள்ளையை இங்கே எவன் கட்டுவான்?

எழுபதுகளில் வாங்கு வளவுக்குள் வந்துவிட்டது. பிறகு பெயர்ப்பலகையும் வந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வாங்கில் குந்தி, தம்பிஐயாவின் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். பலகையில் அவர் வேட்டி காயப்போட்ட ஒருநாள், ஊருக்குப் புதிதான ஒருவர் இறங்காமலே அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

கடைசியில் அச்சுவேலியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பகுதி கையோடு ஒரு சர்வேயரையும் கூட்டி வந்தது. அவர் சங்கிலி பிடித்து அளந்தார்.

"ஐயா, உங்கடை காணி கூடவுமில்லை, குறையவுமில்லை."

"அதெப்பிடி? இவ்வளவு காலமா நான்..." தம்பிஐயா வாயை மூடிக்கொண்டார்.

"மேற்காலை ரயில்வேக்குள்ளை எவ்வளவு போயிருக்கோ, கிழக்காலை அவ்வளவும் ஏரம்பர்டை வளவுக்குள்ளை போயிட்டுது."

கிழக்கு வேலி அடைப்பது அடுத்த வீட்டு ஏரம்புவின் பங்கு. அவரும் ஒழுங்காக அடைத்துத்தான் வந்திருக்கிறார். தம்பிஐயா மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றதில் முதுகுப் பக்கத்தைக் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை பகுதி அடுத்த ரயிலிலேயே போய்விட்டது. செய்தி கேட்டு ரயில்வேயும் வந்து தன் நிலத்தையும் வாங்கையும் பலகையையும் மீட்டுக்கொண்டது. மிஞ்சிய காணியில் கோழிக்கூடுதான் கட்டலாம். ஏரம்பு மேல் வழக்குப் போட்டால் பத்மாசினி கிழவியான பிறகுதான் தீர்ப்பு வரும். அவள் அறைக்குள் இருந்து அழுதாள். எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஏரம்பு தானாகவே படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மகன் சோமசேகரம் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவன், நல்ல பெடியன்.

"தம்பிஐயா, உன்ரை பிள்ளையை என்ரை பெடியனுக்குத் தா. வீடு நான் கட்டிக் குடுக்கிறன்," என்றார் ஏரம்பு.

"சீதனம்?"

"பெரிசா ஒண்டும் வேண்டாம். எங்கடை பக்கம் வந்து கிடக்கிற அந்தத் துண்டை மட்டும் முறைப்படி எழுதித் தா."

தம்பிஐயா பல்லைக் கடித்தார். அறைக்குள் அழுகைச் சத்தம் நின்றிருந்தது.

"ஓம், எழுதுறன்," என்றார்.