கைத்துப்பாக்கிப் பெட்டியில் காலியிடம்

கைத்துப்பாக்கியை விற்பது ஐந்து நிமிட வேலை. விற்றதை வாங்கியவர் ஊருக்குச் சட்டப்படியும் கையைக் கடிக்காத செலவிலும் அனுப்பி வைப்பதற்குள் பிராணன் போய்விடும்.

கவுன்டருக்குப் பின்னால் ஒரு நாளாவது நின்று பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நின்றதே இல்லாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஹூஸ்டனில், ஹில்க்ராஃப்ட் அவென்யூவை ஒட்டிய தெருவில் எங்கள் கடை. இந்தப் பக்கம் புடவைக் கடை, அந்தப் பக்கம் மளிகைக் கடை, நடுவில் துப்பாக்கிக் கடை. முதலாளி வெஸ்லி. நான் கலா, கரூர்க்காரி. பன்னிரண்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங், அப்புறம் லே ஆஃப், அப்புறம் எட்டு மாதம் வீடு. அந்த எட்டு மாதத்தில் சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினேன். பிறகு கிழித்துவிட்டு அகரவரிசையில் ஒட்டினேன். இன்னும் ஒரு வாரம் சும்மா இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் பாஸ்கர் நெற்றியிலும் ஒன்று ஒட்டியிருப்பேன். அதனால் இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விதி இதுதான். கைத்துப்பாக்கியை விற்ற தனி ஆள் அதைத் தானே தபாலில் வெளியூருக்கு அனுப்ப முடியாது. கூரியர்காரர்களும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வாங்குவதில்லை. லைசென்ஸ் உள்ள கடை, வாங்குபவர் ஊரிலுள்ள லைசென்ஸ் கடைக்குத்தான் அனுப்பலாம். கடைக்காரர் என்றால் ஒரு படிவத்தை நிரப்பித் தபால் ஆபீஸ் மூலம் அனுப்ப வழி உண்டு. அதுவும் ஃப்ளாட் ரேட் என்கிற நிலைக்கட்டணப் பெட்டியில் போட்டால், எங்கள் கூலியையும் சேர்த்து ஐம்பது டாலர் சொச்சத்தில் முடிந்துவிடும். அந்தப் பெட்டிகளைக் கட்டி அனுப்புவதுதான் என் வேலை.

நேர்முகத் தேர்வு

"துப்பாக்கி பிடித்திருக்கிறீர்களா?" என்று வெஸ்லி கேட்டார். இல்லை என்றேன். கரூரில் பேங்க் வாசலில் வாட்ச்மேன் ஒருவர் வைத்திருப்பார், அவரும் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார் என்றும் சொன்னேன். வேறு என்ன தெரியும் என்று கேட்டார். கிரீன் கார்டுக்காக வருடக்கணக்கில் படிவம் நிரப்பியவள், அடிக்குறிப்பைக்கூட விடமாட்டேன் என்றேன்.

அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். மூன்று மாதம் பார்ப்பாராம். அதற்குள் ஒரு பெட்டி திரும்பி வந்தாலோ, பெட்டியை வாங்கும் கடைக்காரர் யாராவது குறை சொன்னாலோ வேலை கிடையாது. ஒழுங்காகப் போனால் நிரந்தரம். எனக்குச் சுடத் தெரியாதே என்று வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டேன்.

"சுடத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல தெருவுக்குப் பத்து பேர் இருக்காங்க, மிஸ் கலா. படிவத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவங்களை நான் இன்னும் தேடிட்டு இருக்கேன். திங்கட்கிழமை வந்துடுங்க."

பக்கத்து ஊர்

கவுன்டரில் தமிழ் பேசும் ஆள் இருக்கிறாள் என்று எப்படியோ பரவிவிட்டது. முதல் வாரமே ஷுகர் லேண்டிலிருந்து ஒரு அங்கிள் வந்தார். பிஸ்டலை விற்றுவிட்டாராம், பக்கத்திலேயே கேட்டி என்ற ஊரில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டுமாம். அரை மணி நேர டிரைவ்! "அங்கிள், ரெண்டு பேரும் டெக்சாஸ்காரங்க. வாங்கறவர் மேல சட்டச் சிக்கல் எதுவும் இல்லைன்னா நேர்ல குடுக்கலாம். எங்களுக்குக் காசே தர வேண்டாம்" என்றேன். கடைக்கு வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கிள் அசையவில்லை. குனிந்து, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வாங்கறது எங்க சம்பந்திதாம்மா. அவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? பழம், பூ, ஸ்வீட்டு, சம்பந்தியம்மாவுக்கு ஒரு புடவை. பார்சல்தான் சீப்."

ஃப்ரீமான்டிலிருந்து ஒரு போன்

நம் ஊர்ப் பையன்தான், கலிஃபோர்னியாவில் ஏதோ பெரிய கம்பெனியில் இன்ஜினீயர். ஹூஸ்டன் நண்பர் விற்கும் பிஸ்டல் ஒன்றை வாங்குவதாக நண்பர்கள் கூட்டத்தில் வாய்விட்டிருக்கிறார். அந்த மாநிலத்தில் எந்தெந்தக் கைத்துப்பாக்கியை விற்கலாம் என்று ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. இவர் கேட்ட மாடல் அதில் இல்லை, அவருக்காக அனுப்ப முடியாது. இதை மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "ஷ்யூரா? டெஃபனிட்டா முடியாதா?" என்று கேட்டார். சண்டைக்கு வரப்போகிறார் என்று பயந்து, வெஸ்லியைக் கூப்பிடட்டுமா என்றேன்.

போனில் பெருமூச்சு கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு!

"வேண்டாங்க, வேண்டாங்க. இதையே ஒரு ஈமெயிலா போட்டுடுங்க, ப்ளீஸ். வைஃபுக்கு பயந்து பின்வாங்கிட்டேன்னு எவனும் சொல்லக் கூடாது பாருங்க."

தபால் ஆபீஸ் வரிசை

உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியின் மேல் எழுதக் கூடாது. ஜன்னலில் இருப்பவரிடம் படிவத்தைக் கொடுத்துச் சொன்னால் போதும், வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் கோயிலில் பழக்கமான லலிதா ஆன்ட்டி வந்து நின்றார். கோயிலில் நான் "லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கேன்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். என் இரண்டு கையிலும் நான்கு பெட்டி. "என்ன கலா, எல்லாம் ஒரே சைஸா இருக்கு?" என்றார். "ஒரு சாமான் ஆன்ட்டி" என்றேன். "கண்ணாடி பாட்டிலா?" "இல்லைங்க." "அப்போ டப்பா. டபுள் கவர் போட்டியா? எண்ணெய் கசிஞ்சா பேர் கெட்டுடும்." நானும் தலையாட்டி வைத்தேன். எண்ணெய் போட்ட சாமான்தான், பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்க்கிங்கில் ஐந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சைட் பிசினஸை ஏன் மறைக்கிறாய் என்று ஆளாளுக்குக் கோபம். ஆர்டர் எழுத ஒருவர் பேனாவே கொடுத்தார். கடைசியாக லலிதா ஆன்ட்டி என் தோளைத் தட்டினார்.

"நமக்கு ஆவக்காய் ஊறுகாய் ரெண்டு பாட்டில் எடுத்து வெச்சிடும்மா. காரம் கம்மியா."

ஒரே ரேட்டுங்களா?

மூன்று மாதம் முடிய நான்கு நாள். வெங்கடேசன் அங்கிளும் கோமதி ஆன்ட்டியும் வந்தார்கள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள், இருவரும் ரிட்டையர்ட். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அங்கிளுக்குச் சுடும் ரேஞ்சில் குறி பிடிபடவில்லை. பிஸ்டலை எடிசனில் இருக்கும் சகலை பாலுவுக்கு விற்றுவிட்டார். பாலு நியூ ஜெர்சி போலீஸ் பெர்மிட் வாங்கித் தயாராக இருந்தார். எடிசன் பக்கம் டோனி என்ற கடைக்காரர் தன் லைசென்ஸ் நகலை அனுப்பியிருந்தார். எல்லாம் கச்சிதம். இப்படி ஒரு கேஸ் வந்தால் டெஸ்டிங் காலத்திலிருந்தே எனக்கு மனசு குளிர்ந்துவிடும்.

பிஸ்டல் காலியா என்று பார்த்தேன், நம்பரைச் சரிபார்த்தேன், எங்கள் பதிவேட்டில் ஏற்றினேன். அதன் பிளாஸ்டிக் கேஸில் ஸ்பாஞ்சுக்குள் தோட்டா அடைக்கும் மேகசின் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் பதினைந்து தோட்டா பிடிக்கும். நியூ ஜெர்சியில் பத்துக்கு மேல் கூடாது. அதனால் இரண்டையும் எடுத்து அங்கிளிடம் கொடுத்தேன். ஸ்பாஞ்சில் இரண்டு பள்ளம் காலியாக நின்றது. கோமதி ஆன்ட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு வெயிட் போட மாட்டாங்களா கண்ணு?"

"இல்லீங்க ஆன்ட்டி. எவ்வளவு வெயிட் இருந்தாலும் ஒரே ரேட்டு."

அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நம் ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொல்லலாமா? ஏர்போர்ட்டில் இருபத்து மூன்று கிலோ என்றால் இருபத்து இரண்டே முக்காலில் விட்டதற்கு வருத்தப்படுகிற ஜனங்கள் நாம்.

"எவ்வளவு வெச்சாலுமா?" என்று ஆன்ட்டி மறுபடி கேட்டார். ஆமாங்க என்றேன். லேபிள் எடுக்கப் பின்னறைக்குப் போக வேண்டியிருந்தது. பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது. ஆன்ட்டியின் குரல் பின்னாலிருந்து பாசமாக வந்தது.

"நீ அவசரப்படாத கண்ணு. கேஸை நாங்க மூடி வெக்கறோம்."

எடிசனிலிருந்து ஒரு போன்

மூன்று மாதத்தின் கடைசி நாள், காலை பதினொரு மணி. வெஸ்லி போனை ஸ்பீக்கரில் போட்டார். டோனி, எடிசன் கடை வாசலில் நின்று பேசினார். உள்ளே நின்று பேசத் தயாராக இல்லை. பெட்டியைத் தூக்கினாராம், கடகடவென்று சத்தம். கேஸைத் திறந்தால் மேகசின் இருக்க வேண்டிய இரண்டு பள்ளத்திலும் பிளாஸ்டிக் கவரில் ஏதோ. "கருப்பா, உருண்டையா, கல்லு மாதிரி. மேல வெள்ளையா பூத்திருக்கு. இது என்ன தோட்டா? தபால்ல தோட்டா அனுப்பக் கூடாதுன்னு உங்க கடைக்குத் தெரியாதா?"

வெஸ்லியின் முகம் இறுகிவிட்டது. எனக்கோ, "வெள்ளையா பூத்திருக்கு" என்றதுமே தெரிந்துவிட்டது. சுண்டைக்காய் வத்தல்! பாலுவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகக் கோமதி ஆன்ட்டி அன்றைக்கே சொல்லியிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்கு பெரியம்மா வீட்டிலிருந்து வத்தல் போயிருக்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. மறுபடியும் அந்த டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டப் போகிறேன் என்று நினைத்தபோது அழுகைதான் ஜெயித்தது. "பெட்டியை விட்டுட்டு லேபிள் எடுக்கப் போனது நான். தப்பு என்னோடது. அது குண்டு இல்லை, காய்கறி" என்றேன்.

"காய்கறியா?" என்றார்கள் இரண்டு பேரும். டோனி நம்பவில்லை. துப்பாக்கிக் கேஸில் காய்கறி வைப்பவர்களை அவர் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து பாலு பிஸ்டலை வாங்க வந்து சேர்ந்தார். போனிலேயே கெஞ்சினேன். "பாலு அங்கிள், உள்ளே போய் அதுல ஒண்ணை எடுத்துட்டு வந்து அவர் முன்னாடி சாப்பிட்டுக் காட்டுங்க."

"எண்ணெயில பொரிக்காமயாம்மா?" என்று பதறினார். வேறு வழியில்லை என்றேன். போனில் 'கடக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பாலு தண்ணீர் கேட்கும் குரல். கடைசியில் டோனி பேசினார்.

"உயிரோடதான் இருக்கார், வெஸ்லி. ஆனா சந்தோஷமா இல்லை. நான் உள்ளே போறேன், இது குண்டு இல்லை."

கடைசி நாள் சாயங்காலம்

என் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வெஸ்லி மேஜைக்குப் போனேன். பெட்டியை வாங்கிய கடைக்காரர் குறை சொல்லிவிட்டார், பேச்சு பேச்சுதானே. வெஸ்லி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பேக்கிங் பட்டியலில் கடைசி வரியாக ஒன்று சேர்த்திருந்தார்: "காலியிடம் முழுவதும் செய்தித்தாளால் அடைக்கப்பட்டதா? வாடிக்கையாளர் கண் முன்னால் டேப் ஒட்டப்பட்டதா?" அதை என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு நீங்கதான் கையெழுத்துப் போடணும், மிஸ் கலா, இன்னைக்கு மட்டும் இல்லை, எப்பவும். உங்களை அனுப்பிட்டா, காலியிடத்தைப் பார்த்தா கை துறுதுறுக்கிற இந்த ஆன்ட்டிங்களை எனக்கு யார் புரிய வைக்கிறது?"

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தேன். நிரந்தரம்! பாஸ்கருக்குக்கூடச் சொல்லாமல் முதலில் கோமதி ஆன்ட்டிக்குப் போன் போட்டேன், ஒரு பிடி பிடிக்கலாம் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். குண்டு என்று பயந்தது, டோனி தெருவில் நின்றது, பாலு பச்சையாகக் கடித்தது, என் வேலை மயிரிழையில் தப்பியது. ஆன்ட்டி "அடடா, அடடா" என்று பொறுமையாகக் கேட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

"அப்போ வத்தல் பத்திரமா போயிருச்சுங்கற. அந்தக் கேஸ்ல ஓரத்துல இன்னும் கொஞ்சம் இடம் இருந்துச்சு கண்ணு. ரெண்டு பிடி மணத்தக்காளியும் வெச்சிருக்கலாம்."

ஆக, கைத்துப்பாக்கியைச் சட்டப்படி, சல்லிசாக அனுப்ப ஒரு லைசென்ஸும் ஒரு படிவமும் ஒரு நிலைக்கட்டணப் பெட்டியும் போதும், அந்தப் பெட்டியில் காலியிடம் இருப்பது மட்டும் நம் ஆட்கள் கண்ணில் படக் கூடாது.